தண்ணீருக்காக ஏறிய மலை

சிவகிரியில் மேற்கே பார்த்தால் மலை சுவர்போல நிற்கிறது. ஆனி, ஆடியில் அதன் தலையில் கருமேகம் கவிந்திருக்கும். ஊருக்குள் காற்றுதான் அடிக்கும். சாரல் விழுந்தாலே பெரிது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பெரியாறு இந்தச் சிவகிரி மலைகளில்தான் பிறக்கிறது என்பார்கள். ஊரின் பெயரைத் தாங்கிய மலையில் பிறந்தும், அது ஊருக்கு முதுகு காட்டியே ஓடுகிறது.

மலையேற்றத்தின் வரலாற்றை 1786இல், ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் உச்சியைப் பால்மா, பக்கார் என்ற இருவர் தொட்ட நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். 1857இல் லண்டனில் ஆல்பைன் கிளப் பிறந்தது. செங்குத்தான சிகரத்தில் ஏறுவது ஒரு கலையாக, ஒரு பெருமையாக வளர்ந்தது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் மோன் பிளாங்க் ஏறப்பட்ட அதே 18ஆம் நூற்றாண்டில், தண்ணீருக்காக நம் மலையிலும் ஏறினார்கள். அந்த ஏற்றத்தை எந்த வரலாற்றிலும் காணோம்.

செண்பகவல்லி அணையைத்தான் சொல்கிறேன். சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூர் அரசும் உடன்பட்டு, மேற்கே ஓடும் நீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பக் கட்டியது அது. அந்த வேலைக்கு உச்சி தேவையில்லை. முகடுகளுக்கு இடையே, தண்ணீரை இந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடிய ஒரு தாழ்வான இடம் வேண்டும். அடிவாரத்து முள்காடு, மேலே இலையுதிர் காடு, அதற்கும் மேலே அட்டை ஏறும் ஈரச்சோலை என்று நடந்து, ஓடைகள் எங்கே பிரிகின்றன என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்த இடத்தைக் கண்டிருக்க முடியும். நில அளவைக்காரர் லாம்டன் சென்னையில் தன் அடிக்கோட்டை அளந்ததே 1802இல்தான். அதற்கு முன்பே இந்த மலையின் நீர்ப்பிரிமுகட்டைக் காலால் அறிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். வழி காட்டியவர் யார், சுமை தூக்கியவர் யார்? பெயர்கள் இல்லை.

1895இல் பொறியாளர் பென்னிகுவிக்கின் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே போகும் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குக் கொண்டுவந்த அந்த எண்ணத்தை உலகமே வியந்தது. அதே எண்ணத்தைச் சிறிய அளவில் செய்துகாட்டிய செண்பகவல்லி, கடந்த நூற்றாண்டில் வெள்ளத்தில் உடைந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்படியே கிடக்கிறது. இடம் இன்று கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சீரமைக்கக் கேட்டுக் கடிதங்கள் போயின, விஷயம் நீதிமன்றம்வரை போனது. சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்தின் குளங்கள் காத்திருக்கின்றன.

காட்டுக்குள் யாரும் நினைத்தபடி நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு சரிதான். 2018இல் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை நாம் மறக்கவில்லை. புலிக்கும் அந்தக் காடு வேண்டும். ஆனால் இரு மாநிலப் பொறியாளர்களும் வனத்துறையினரும், அடிவாரத்துப் பளியர்களை முன்னே விட்டு, பருவமழைக்கு முன் ஒருமுறை சேர்ந்து ஏறி அந்த உடைப்பைக் கண்ணால் பார்ப்பதில் காட்டுக்கு என்ன கேடு வந்துவிடும்? கோப்பில் பார்த்தால் அது எல்லைத் தகராறு. மேலே போய் நின்று பார்த்தால் உடைந்த ஒரு சுவரும், அதன் வழியே மேற்கே இறங்கிப்போகும் தண்ணீரும்தான் தெரியும்.