துடிக்கும் தசையும் துடிக்கும் மனமும்

மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் (எம்.எஸ்.) நோய்க்கு நான்கு வருடங்களாக மருந்தெடுக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு மாதமாகக் கெண்டைக்கால் சதையும் கண்ணிமையும் துடிக்கின்றனவாம். நோய் முற்றுகிறதோ என்ற பயத்தில் இரவில் விளக்கைப் போட்டுக் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். மாமியோ கண் துடிப்புக்குச் சகுனம் சொல்கிறாராம்.

சகோதரியே, சகுனத்தை ஒதுக்கிவிடுவோம். மார்க்கத்தில் அதற்கு இடமில்லை. உங்கள் பயம் அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. ஒரு நாள் திடீரெனப் பார்வை மங்கியோ கால் மரத்தோ இந்நோயை அறிந்துகொண்டவருக்கு, தன் உடம்பின் மீதே நம்பிக்கை குறைவது இயல்புதானே. வீட்டார் "எல்லாம் உன் நினைப்பு" என்று சொல்லிவிடக் கூடாது.

எம்.எஸ். மூளையையும் முண்ணாணையும் தாக்கும் நோய். அங்குள்ள நரம்பிழைகளை, மின்கம்பியின் மேலுறை போல மயலின் என்ற உறை மூடியிருக்கிறது. நோயெதிர்ப்புச் சக்தி வழிதவறி அதையே அரிக்கிறது. ஆனால் தோலுக்கடியில் புழு நெளிவது போன்ற சிறு துடிப்பு, பெரும்பாலும் முண்ணாணுக்கு வெளியே தசைக்குச் செல்லும் நரம்பில் பிறக்கிறது. எனவே அது எம்.எஸ்.ஸின் வழமையான அறிகுறியல்ல. கால் விறைத்து இழுப்பதுதான் அந்நோயில் அதிகம், அது வேறு.

களைப்பு, தூக்கக் குறைவு, கவலை, கடுங்கோப்பி ஆகியவற்றால் எந்த நோயுமில்லாதவருக்கும் இமை துடிக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் முன்பு கவனிக்காத துடிப்பும் தெரியும். பயம் கூடும், தூக்கம் கெடும், துடிப்பும் கூடும்.

வெயிலிலோ சுடுநீர்க் குளிப்பிலோ பார்வை மங்கி, உடல் ஆறியதும் சரியாவதும் புதுத் தாக்கமல்ல. உடல் உழைப்பின்போது பார்வை இப்படித் தற்காலிகமாக மங்குவதை ஜெர்மன் கண் வைத்தியர் உத்தோப் 1890இலேயே எழுதிவைத்தார். காய்ச்சலோ கிருமித் தொற்றோ இல்லாமல், புதிய குறைபாடொன்று 24 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால்தான் வைத்தியர்கள் அதைத் தாக்கமாகக் கருதுவார்கள்.

துடிக்கும் இடத்தில் பலம் குறைந்தால், சதை மெலிந்தால், விழுங்கவோ பேசவோ கஷ்டமானால், கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். முகத்தின் ஒரு பக்கம் ஓயாமல் நெளிந்தாலும் அப்படித்தான், அது எம்.எஸ்.ஸினாலும் வரலாம். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அஸருக்குப் பின் கோப்பி வேண்டாம். ஒரு கொப்பியில், எப்போது துடித்தது, முதல் நாளிரவு எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று நாளைக்கு ஒரு தடவை மட்டும் எழுதி மூடிவையுங்கள். கிளினிக்கில் அதைக் காட்டும்போது உங்கள் பயத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.