பறை அடிக்க மட்டும் நம் பிள்ளைகளா?

டிசம்பர் 1 வந்துவிட்டால் ஊருக்கு ஊர் ஒரே காட்சிதான். கல்லூரிப் பிள்ளைகள் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வெயிலில் வரிசையாக நிற்பார்கள். அதிகாரி ஒருவர் கொடியசைப்பார். முன்னால் பறை முழங்கும். அடிப்பவர்கள் பக்கத்தில் ஏதோ ஒரு காலனியைச் சேர்ந்த இளைஞர்கள். ஊர்வலம் முடிந்ததும் ஆளுக்கொரு மோர்ப் பாக்கெட்டும் பேருந்துச் செலவும் கொடுத்து அவர்களை அனுப்பிவிடுவார்கள். மைக் பிடித்து எய்ட்ஸ் பற்றிப் பேசுபவர் வேறொருவர். பறை அடித்த பையனிடம், "தம்பி, உங்க தெருவுல இதைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க?" என்று யாரும் கேட்பதில்லை. கூட்டம் சேர்க்க நம் கை வேண்டும், பேச நம் வாய் வேண்டாம் என்பது பழைய கணக்கு. விழிப்புணர்வுப் பிரச்சாரத்திலும் அதே கணக்குதான் ஓடுகிறது.

கேட்டிருந்தால் நிறையச் சொல்லியிருப்பான். இரவுப் பாடசாலைகளில் நாங்கள் ஒரு பானையை வைத்து, பெயர் எழுதாமல் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்வதுண்டு. "கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிடுமா?", "வெள்ளைப்பட்டால் எலும்பு உருகுகிறது என்கிறார்களே, உண்மையா?", "கொசு கடித்தால் எச்.ஐ.வி. வருமா?", "காதலித்தால் போக்சோவில் போட்டுவிடுவார்களா?" என்று சீட்டுகள் வரும். இவற்றுக்கு விடை சொல்ல பெரிய படிப்பு வேண்டியதில்லை. நரம்பு தளராது. வெள்ளைப்படுவது பெரும்பாலும் இயல்பு, நாற்றமோ அரிப்போ அடிவயிற்று வலியோ இருந்தால் சிகிச்சை வேண்டும், எலும்பு உருகுவதில்லை. கொசுவால் எச்.ஐ.வி. வராது. நான்கு வரி. இந்த நான்கு வரி கிடைக்காமல் நம் பிள்ளைகள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பேருந்து நிலையச் சுவர்களைப் பாருங்கள். "இளமையில் செய்த தவறுகளுக்கு" மருந்து தருவதாக மாதம் ஒரு நாள் லாட்ஜில் உட்காரும் வைத்தியர்களின் சுவரொட்டிகள் ஒட்டியிருக்கும். கரும்பு வெட்டியும் செங்கல் சூளையில் கல் அறுத்தும் சம்பாதித்த பணத்தை, இல்லாத நோய்க்கு லேகியம் வாங்க அங்கே கொட்டுகிறார்கள். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்கு இலவசச் சிகிச்சை இருக்கிறது. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் ரகசியம். ஆனால் லாட்ஜ் வைத்தியரின் சுவரொட்டி காலனி முனைவரை வந்துவிட்டது. நம்பிக்கை மையத்தின் பலகை மருத்துவமனை வளாகத்தைத் தாண்டவில்லை.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். அவள் வயதுக்கு வந்ததை ஃப்ளெக்ஸ் போர்டு வைத்து, ஒலிபெருக்கி கட்டி, ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. பிறகு அவள் நூற்பாலை விடுதிக்குப் போகிறாள். மாதவிடாய் வலிக்கு அங்கே கொடுக்கப்படும் மாத்திரை என்ன மாத்திரை என்று கேட்கவும் அவளுக்குத் தெரியாது.

இதில் சாதிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மெடிக்கல் கடை ஊர்த்தெருவில் இருக்கிறது. காலனிப் பையன் அங்கே போய் ஆணுறை கேட்டால், பொழுது சாய்வதற்குள் செய்தி டீக்கடைக்கு வந்துவிடும். "எவளுக்குடா?" என்ற கேள்வி நம் மாநிலத்தில் வெறும் கேள்வியாக நிற்பதில்லை. 2013இல் இளவரசன், 2015இல் கோகுல்ராஜ், 2016இல் சங்கர் என்று அந்தக் கேள்வியின் பின்னால் பிணங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஊர்த்தெருப் பையனுக்கு வெட்கம் மட்டும்தான் தடை. நம் பையனுக்கு வெட்கத்தோடு உயிர்ப் பயமும் சேர்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து வந்து, "கூச்சப்படாமல் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகும் பேச்சாளருக்கு இது தெரியாது. காலனியிலேயே வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும்.

போக்சோ கேள்வியும் இங்கிருந்துதான் வருகிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவரோடு உறவு குற்றம். இருவரும் விரும்பினார்கள் என்பது சட்டத்தில் விடையாகாது. குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் அது, நமக்கும் அது வேண்டும். அதே சட்டம் சாதி மாறிக் காதலித்த பையனை உள்ளே தள்ளவும் கையில் எடுக்கப்படுகிறது. காதலிக்கும் வளரிளம் பருவத்தினரைக் குற்றவாளிகளாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தபோது கூறியது. ஆனால் உயர் நீதிமன்றம் வரை போகும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆகவே பாலியல் நலம் பேசும்போது சட்டத்தையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994லேயே வந்துவிட்டது. கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் இருக்கிறது; 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 21.6 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 30.7 சதவீதம் பேருக்கும்தான் எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு இருக்கிறது. செஞ்சுருள் சங்கம் கல்லூரி வாசலுக்குள் நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்போடு நின்று பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவனுக்கு எந்தச் சங்கமும் இல்லை.

கிராமத்தில் இதையெல்லாம் பேச முடியாது என்பவர்கள் கூவாகத்தைப் பார்க்க வேண்டும். கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கையர் ஆணுறை பற்றி வெட்டவெளியில் பேசுகிறார்கள். யார் பேசினால் காது கொடுப்பார்கள் என்பதற்கு அது ஒரு பாடம். அது இருக்கட்டும், நம் கிராமம் என்றைக்கு இதில் வாய் மூடியிருந்தது? தெருக்கூத்தில் கட்டியங்காரன் பேசாத பேச்சா? விடிய விடிய அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பகலில் செவிலியர் படம் போட்ட அட்டையைக் காட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

நம் தோழர்களிடமிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. "பஞ்சமி நிலம் கிடக்கிறது, சுடுகாட்டுப் பாதை கிடக்கிறது, இது இப்ப தேவையா?" 1934இல் பம்பாயில் ர.தோ. கார்வே என்பவர் மீது ஆபாச வழக்கு நடந்தது. 'சமாஜ் ஸ்வாஸ்திய' என்ற தம் இதழில் பாலியல் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியதுதான் குற்றம். அவருக்காக வாதாடியவர் பாபாசாகேப் அம்பேத்கர். வட்டமேசை மாநாடுகளும் பூனா ஒப்பந்தமும் முடிந்து, தலைக்கு மேல் வேலை கிடந்த காலம் அது. வழக்கு தோற்றது, கார்வேவுக்கு 200 ரூபாய் அபராதம். தோற்ற வழக்கு என்பதால்தானோ என்னவோ, நம் மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. பானையில் சீட்டுப் போடும் நம் பிள்ளைகளும் கார்வேயின் வாசகர்கள் கேட்டதைத்தான் கேட்கிறார்கள்.

10 முதல் 19 வயதினருக்கான தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 2014இல் தொடங்கியது. ஊருக்கு ஊர் சக வயதுப் பிள்ளைகளையே பயிற்றுவிப்பது அதில் ஒரு பகுதி. அந்தப் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து எடுக்கப்படுகிறார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. காலனியிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனுமாவது வேண்டும். பெற்றோருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மறைத்துச் செய்தால் முதல் வாரமே சண்டை வரும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் முதலில் தனித்தனியாகப் பேசுவதே நல்லது. கேட்டதை வெளியே சொல்லாத பிள்ளைதான் இதற்கு ஏற்றவர், வாய்ச்சாலகம் பிறகு. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பிரச்சாரம் காலனியோடு நிற்கக் கூடாது. வண்டி நேராகச் சேரிக்கு மட்டும் வந்தால், நோயே சேரியிலிருந்துதான் பிறக்கிறது என்று ஊர்த்தெரு பேசும். நம் பிள்ளைகள் ஊர்த்தெருப் பள்ளியிலும் மைக் பிடிக்க வேண்டும். அதை ஏற்பாடு செய்வது துறையின் பொறுப்பு; பாதுகாப்பும் அதன் பொறுப்புதான்.

கூலியும் வேண்டும். வெட்டி வேலை செய்து தேய்ந்த குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் 'சேவை' என்று சொல்லி ஒரு நாள் கூலியைப் பறிக்கக் கூடாது. பறைக்குத் தருவதைவிடப் பேச்சுக்குக் குறைவாகத் தரவும் கூடாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் சுகாதாரத் துறையிலிருந்து வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஊராட்சியில் சக வயதுக் கல்வியாளர்கள் யார் யார்? அவர்களில் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு ஊக்கத்தொகை எவ்வளவு, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.