நீர் வடிந்தால் தெரியும் நந்தி

ஆடிப் பதினெட்டாம் நாள் மேட்டூரில் பொழுது புலர்வதற்கு முன்பே காவிரிக் கரை நிறைந்துவிடும். தலையில் அருகம்புல்லும் நாணயமும் வைத்து நீராடுவோர், குலதெய்வத்தின் வேலையும் சூலத்தையும் ஆற்று நீரில் கழுவி எடுத்துச் செல்வோர், தாலிச்சரடு மாற்றிக்கொள்ளும் புதுமணப் பெண்கள், அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைப்போர் என ஊர் முழுவதும் விழாக்கோலம் பூண்டிருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே, பெற்றோரை இழந்த முதியவர்கள் சிலர் அமைதியாக ஆற்றைப் பார்த்தபடி நிற்பதையும் காணலாம். பண்டிகை நாளில்தான் இல்லாதவர்களின் இடம் பெரிதாகத் தெரிகிறது.

2024ஆம் ஆண்டில் ஆடிப்பெருக்கு ஆகஸ்டு 3ஆம் தேதியும், ஆடி அமாவாசை அதற்கு மறுநாளும் வந்தன. நதித்தாயை வணங்கும் நாளும் முன்னோருக்கு நீர் வார்க்கும் நாளும் அடுத்தடுத்து அமைந்தன. அதற்கு ஒரு மாதம் முன்புவரை வறண்டு கிடந்த அணை, ஜூலை 30ஆம் தேதி தன் முழு அளவான 120 அடியை எட்டியது. காவிரி இரு கரையும் தொட்டு ஓடினாள்.

அந்த ஆடிப்பெருக்கன்று மேட்டூரில் ஒரு வீட்டில் நடந்த சம்பவம் சிந்திக்கத் தக்கது. வீட்டுக்குரியவர் எழுபது வயதுப் பெரியவர். அவருடைய தந்தை, அணையின் நீரில் மூழ்கிய ஊர்களுள் ஒன்றில் பிறந்தவர். 1925இல் தொடங்கிய அணைப்பணி 1934இல் நிறைவுற்றபோது அவர் பத்து வயதுச் சிறுவர். வீட்டையும் காட்டையும் கோயிலையும் விட்டுக் குடும்பம் மேடேறியது. பண்ணவாடியில் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் ஆலயத்தின் நந்தி, நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் மட்டும் வெளியே தெரியும். அவ்வாறு தெரியும்போதெல்லாம் தந்தை மகனை அழைத்துச் சென்று, தூரத்திலிருந்தே கும்பிடச் சொல்வார். வாய் திறந்து அதிகம் பேசாத மனிதர். அன்பையும் கோபமாகவே காட்டுபவர்.

பண்டிகைக்காகப் பெரியவரின் தமக்கை வந்திருந்தார். எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் புளிச் சாதமும் தயாராகிக்கொண்டிருந்தன. தாளிப்பில் கடுகு வெடித்ததும் வாணலியைச் சற்றே சாய்த்துப் பிடிக்கும் அவருடைய கைப்பழக்கத்தைக் கண்ட பெரியவருக்கு, தாயாரே அடுப்படியில் நிற்பதாகத் தோன்றியது. அந்த வேளையில் சென்னையிலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்தான். வேலை முடியவில்லை, இன்று புறப்பட முடியாது என்றான். பெரியவருக்குச் சினம் பொங்கியது. “நீ வரவே வேண்டாம். நீ வந்தாத்தான் இங்கே பண்டிகையா?” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

அடுப்படியில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு தமக்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“தம்பி, இதே பேச்சை இதே திண்ணையிலே நாப்பது வருசத்துக்கு முன்னாடி கேட்டேன். லீவு கிடைக்கலேன்னு நீ வடக்கேயிருந்து கடுதாசி போட்டியே, அதைப் படிச்சிட்டு அப்பா சொன்னாரு.”

பெரியவருக்கு அது தெரிந்த செய்திதான். தந்தை சொன்ன சொல் அந்நாளில் ஒரு உறவினர் வாயிலாக அவர் காதுக்கு எட்டியிருந்தது. தன்னை வேண்டாதவர் வீட்டுக்கு ஏன் போக வேண்டும் என்ற வைராக்கியத்தில் இரண்டு ஆண்டுகள் அவர் ஊர்ப்பக்கமே வரவில்லை. பிறகு போக்குவரத்து ஏற்பட்டாலும், அந்தச் சொல்லைப் பற்றித் தந்தையும் பேசவில்லை, மகனும் கேட்கவில்லை. தந்தை காலமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் அந்த முள் நெஞ்சில் இருந்தது.

“அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிடலே. உன் பங்குச் சோத்தை மூடி வைக்கச் சொன்னாரு. கடைசி பஸ் போற வரைக்கும் திண்ணையிலேயே உக்காந்திருந்தாரு. இது உனக்குத் தெரியாதில்லே?” என்றார் தமக்கை.

பெரியவர் பதில் சொல்லவில்லை. அவ்வளவு காலமும் வெறுப்பென்று எண்ணியிருந்த சொல்லின் உள்ளே என்ன இருந்தது என்பது, அதே சொல்லைத் தம் வாயால் சொன்ன பிறகே அவருக்கு விளங்கியது. சற்று முன் தொலைபேசியை வைத்தபோது தம் நெஞ்சில் இருந்தது மகன்மேல் வெறுப்பா? அவனைக் காணும் ஆசைதானே! தந்தைக்கும் அதுவே இருந்திருக்கும்.

அன்றிரவே அவர் மகனை அழைத்தார். “கோவத்திலே சொல்லிட்டேன் கண்ணு. நாளைக்கு எந்நேரமானாலும் வா. சோறு எடுத்து வைக்கச் சொல்றேன்” என்றார். தந்தையால் சொல்ல இயலாமற்போன சொல்லை மகன் தம் மகனிடம் சொன்னார்.

மறுநாள் அமாவாசைத் தர்ப்பணம். தந்தை வசு வடிவாகவும், பாட்டனார் ருத்ர வடிவாகவும், முப்பாட்டனார் ஆதித்ய வடிவாகவும் வந்து நீரை ஏற்பதாகச் சாஸ்திரம் கூறுகிறது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே எள்ளும் நீரும் வழிந்தபோது, பெரியவர் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு புடைத்த புறங்கையும், சற்றே வளைந்த சுண்டுவிரலும் தந்தையுடையவை.

கௌஷீதகி உபநிடதத்தில் ஒரு சடங்கு சொல்லப்படுகிறது. உலகை விட்டுச் செல்லும் தந்தை மகனை அருகழைத்து, தம் வாக்கையும் மூச்சையும் பார்வையையும் கேள்வியையும் ஒவ்வொன்றாக அவனிடம் ஒப்படைக்கிறார். மகனும் ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொள்வதாகக் கூறுகிறான். நம் வீடுகளில் இது சடங்கின்றியே நடைபெற்று விடுகிறது. பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பதால்தான் பெயரன், பேரன் என்றனர். பெயரோடு குரலும் நடையும் சினமும் கைமணமும் கூடவே வருகின்றன.

இளமையில் இவை வெளியே தெரிவதில்லை. வேலை, வருவாய், பிள்ளைகள் என வாழ்க்கை வெள்ளம் நிறைந்து ஓடும்போது எல்லாம் அடியில் மூழ்கிக் கிடக்கின்றன. முதுமையில் நீர் வடிய வடிய, பண்ணவாடி நந்திபோல அன்னையும் தந்தையும் நம்முள்ளிருந்து தலை காட்டுகின்றனர்.

ஆயினும் ஏற்றுக்கொண்ட அனைத்தையும் அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தாயாரின் கைமணத்தைப் பேத்திக்குக் கற்றுத் தரலாம். தந்தையின் நேர்மையைப் பேரனுக்குச் சொல்லலாம். அவருடைய சுடுசொல்லை மட்டும் நம்மோடு நிறுத்திக்கொள்ளலாம். தென்புலத்தாரைப் பேணுவதை இல்லறத்தான் கடமைகளுள் முதலில் வைத்தார் வள்ளுவர். அவர்கள் விட்டுச் சென்ற குறையை நாம் தீர்த்து வைப்பதும் அந்தப் பேணலில் அடங்கும்.

அமாவாசையன்று மாலை அந்த வீட்டுத் திண்ணையில் பெரியவர் பேருந்துச் சத்தத்தைக் கேட்டபடி அமர்ந்திருந்தார். உள்ளே, மகனுடைய பங்குச் சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது.