கலைவாணரை முதல் பாட்டிலிருந்து கேட்போம்

நாகர்கோவிலில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைத் தெரியாதவர் கிடையாது. சிலை இருக்கிறது; அவர் பிறந்த ஒழுகினசேரியின் பெயரைச் சொன்னாலே அவர் பெயரும் கூடவே வந்துவிடும். ஆனால் அவர் பாடியவை எவை என்று கேட்டால், பெரும்பாலும் ஐந்தாறு பாட்டுகளோடு பேச்சு நின்றுவிடுகிறது. சிரிப்பின் வகைகளைச் சிரித்துக் காட்டும் பாட்டு, விஞ்ஞானப் பாட்டு, பணத்தைத் தேடும் பாட்டு, கிந்தனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடி நடித்த ஒரு கலைஞரை இந்தக் கைப்பிடி அளவுக்குள் சுருக்கி வைத்திருப்பது நியாயமில்லை.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1970இல் பிரிந்தது. அதன் ரசிகர்கள் இன்றுவரை முதல் இசைத்தட்டில் தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கிறார்கள், வாதாடுகிறார்கள், குறித்து வைக்கிறார்கள். மார்க் லூயிசன் என்பவர் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தின் ஆவணங்களையும் நாடாக்களையும் ஆராய்ந்து, எந்தப் பாட்டு எந்த நாளில் எப்படிப் பதிவானது என்று 1988இல் பெரிய நூலாகவே கொண்டுவந்தார். இயன் மெக்டொனால்டு 1994இல் பாட்டுக்குப் பாட்டு ஆய்ந்து எழுதினார். புகழ்பெற்றவற்றுக்குப் பக்கத்தில் சுமாரான பாட்டும் அங்கே தனக்குரிய இடத்தில் நிற்கிறது. கலைவாணரையும் இப்படித்தான் கேட்க வேண்டும்.

வரிசையாகக் கேட்டால் என்ன கிடைக்கும்? முதலில் ஒரு மண்ணின் குரல் கிடைக்கும். 1908 நவம்பர் 29 அன்று பிறந்த கிருஷ்ணனின் தந்தை பெயர் சுடலைமுத்து, தாய் பெயர் இசக்கியம்மாள். சுடலையும் இசக்கியும் நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் தெய்வங்கள். வில்லடிக்கும் புலவர் கதையை நகர்த்துவார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டு, கேள்வி கேட்டு, கிண்டல் செய்து கதைக்கு உயிர் ஊட்டுவார். கிருஷ்ணனும் அவர் மனைவி டி.ஏ. மதுரமும் சேர்ந்து பாடியவற்றைத் தொடர்ந்து கேட்பவருக்கு இந்தக் கேள்வி-பதில் முறை காதில் விழாமல் போகாது. ஒருவர் பெருமை பேச, மற்றவர் மடக்க, பாட்டு வளர்கிறது. பிற்காலத்தில் காந்தியின் கதையை அவரே வில்லுப்பாட்டாக மேடையேற்றியபோது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு செய்யவில்லை. ஊருக்குத் திரும்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து, ‘மேனகா’ (1935), ‘சதி லீலாவதி’ (1936) வழியாகத் திரைக்கு வந்தவர் அவர். கேமராவுக்கு முன்னால் நடித்துக்கொண்டே பாட வேண்டிய காலம் அது. பின்னணிப் பாடகர்கள் கோலோச்சத் தொடங்கிய பிறகும் தன் பாட்டைத் தானே பாடினார். 1930களின் குரலையும் 1956இல் வந்த ‘ராஜா ராணி’யின் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால், தமிழ் சினிமாவின் ஒலி மாறிய கதை முழுவதும் ஒரே தொண்டைக்குள் இருப்பது தெரியும்.

அந்த வரிசையின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அவர் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்தது. அடுத்த மாதமே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947 ஏப்ரலில்தான் விடுதலை. இடைப்பட்ட காலத்தில் குழுவைக் கலையவிடாமல் காத்தவர் மதுரம். அவர் முயற்சியில் உருவான ‘பைத்தியக்காரன்’ படத்தில், வெளியே வந்த கிருஷ்ணன் சிறை அனுபவத்தையே பாட்டாக்கினார். தனியாகக் கேட்டால் அது ஒரு வேடிக்கைப் பாட்டு. சிறைக்கு முந்தைய பாட்டுகளைக் கேட்டுவிட்டு, இரண்டு ஆண்டு மௌனத்தைத் தாண்டி அதற்கு வரும்போது நெஞ்சு கனக்கிறது. ஆயுள் தண்டனையிலிருந்து மீண்ட மனிதர் கசப்பில்லாமல் ஊரைச் சிரிக்க வைக்கிறார்.

அதற்குப் பிந்தைய பாட்டுகளில் துணிவு கூடியிருக்கிறது. அண்ணாவின் எழுத்தில் 1949இல் வந்த ‘நல்லதம்பி’யில்தான், நந்தனார் சரித்திரத்தின் சாயலில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறுவன் படிப்பால் உயரும் கிந்தனார் காலட்சேபம் வருகிறது. நந்தனுக்குச் சிதம்பரம், கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். பக்தர்கள் உட்கார்ந்து கேட்டுப் பழகிய வடிவத்துக்குள்ளேயே இதை வைத்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. பொத்தானைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படும் விஞ்ஞானப் பாட்டும் இதே படம்தான்.

அவருக்குப் பாட்டு எழுதிய உடுமலை நாராயணகவியின் பெயரும் இத்தகைய கேட்பில்தான் உரிய வெளிச்சம் பெறும். இணையத்தில் கிடைக்கும் பழைய பாட்டுகள் பலவற்றில் எழுதியவர் பெயரே இருப்பதில்லை. பதிவேற்றியவர் போட்ட ஆண்டும் படமும் சான்றாகிவிடுகின்றன. தவறு ஒருமுறை ஏறினால் நூறு இடங்களுக்குப் பரவுகிறது.

எல்லாப் பாட்டும் உயர்ந்தவை என்று சொல்ல முடியாது. மனைவியை மட்டம்தட்டும் நகைச்சுவை சிலவற்றில் உண்டு. இன்று அதற்குச் சிரிப்பு வராது. அவற்றையும் ஒளிக்காமல் கேட்க வேண்டும். பொறுக்கி எடுத்த பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு புகழ்ந்தால் சிலை கிடைக்கும், கலைஞர் கிடைக்கமாட்டார்.

காலம் வேறு நெருக்குகிறது. 1930களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. மிஞ்சியிருப்பவை, பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் அரக்கு இசைத்தட்டுகளும் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துக் காத்து வருகிறது. குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளின் பரணிலும் இவை கிடக்கக்கூடும். தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டு விடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டிய வேலைக்கு ஊரிலேயே ஆட்களும் இடமும் இருக்கின்றன. தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியிலும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் தமிழ் படிக்கும் மாணவர்கள் படம், ஆண்டு, கவிஞர், இசையமைப்பாளர், உடன் பாடியவர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பெடுக்கலாம். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் தொடங்கியது நாகர்கோவிலில்தான். அந்த நிலையம் நாளுக்கு ஒரு பாட்டு என்று, அதன் கதையோடு, ஆண்டு வரிசையில் ஒலிபரப்பலாம். கிடைக்காத பாட்டு வரும் நாளில் அதன் பெயரையும் படத்தையும் சொல்லி, தட்டு வைத்திருப்பவர்கள் கொண்டுவரும்படி கேட்கலாம். வரும் நவம்பர் 29 அன்றே முதல் பாட்டை ஒலிக்கவிடலாம்.