பழைய பத்திரமும் பரம்பரையும்

பாட்டனாருக்கு முந்தியவர்களின் பெயரை எங்கே தேடுவது என்று நேயர்கள் சிலர் எழுதிக் கேட்டுள்ளனர். ஊரை விட்டு வந்த நம்மனோர் வீடுகளில் இரண்டு தலைமுறைக்கு மேல் வாய்ச்செய்தி நிற்பதில்லை. ஜாதகக் கட்டுகள் கரையானுக்கு இரையாயின. சொல்லத் தெரிந்த பெரியவர்களும் மறைந்து வருகின்றனர். ஆயினும், அரைக்காணி நிலமேனும் வைத்திருந்த குடும்பத்தின் பெயர் சர்க்கார் ஏட்டில் எங்கேனும் இருத்தல் கூடும். நிலமே இல்லாதிருந்தோர்க்கு இவ்வழி பெரிதும் உதவாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பலரும் முதலில் பட்டாவைத் தேடுகின்றனர். அதனால் பயன் சிறிதே. நிலம் இன்று யார் பெயரில் உள்ளது என்பதையே அது கூறும். மேலும் 1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் உட்பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆகையால் பழைய சர்வே எண்ணை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். கர்ணத்தைக் கேட்கலாமே என்பர் முதியோர். அப்பதவி 1980-இலேயே நீங்கிவிட்டது. இப்பொழுது கிராம நிர்வாக அலுவலரைத்தான் அணுக வேண்டும்.

பரம்பரை தேடுவோர்க்குப் பத்திரமே மேலான சாதனம். எழுதிக் கொடுப்பவர் பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, தொழில், குடியிருக்கும் கிராமம் யாவும் பழைய பத்திரங்களில் தொடக்கத்திலேயே வந்துவிடும். 'பிதுரார்ஜிதம்' என்றிருந்தால் நிலம் தகப்பன் வழியில் வந்தது. 'சுயார்ஜிதம்' என்றிருந்தால் அவரே தேடிய சொத்து. நான்கெல்லையை அலட்சியம் செய்யலாகாது. "இன்னார் நிலத்துக்கு மேற்கு" என்று வரும் அந்த இன்னார் பெரும்பாலும் பங்காளியாகவே இருப்பார். ஒரே வயலைப் பாகம் செய்துகொண்டவர்கள் அல்லவா! பெண் மக்கள் எழுதிய விடுதலைப் பத்திரம் கிடைத்தால் அதனினும் நன்று. எந்த ஊரில், எவருக்கு வாழ்க்கைப்பட்டனர் என்பது அதில் தெரியவரும்.

எமது குடும்பத்தையே சான்றாகக் காட்டலாம். வடக்கே ரயில்வேயில் நல்ல உத்தியோகம் கிடைத்தமையால் எமது பூட்டனார் 1935-இல் ஊரை விட்டு வந்தார் என்பதே வீட்டில் வழங்கிய வரலாறு. வில்லங்கச் சான்றும் பத்திர நகல்களும் வேறொன்று கூறின. 1931-இல் மூன்று மா நிலம் ஒத்திக்குப் போயிருக்கிறது. 1933-இல் எஞ்சியதன்மேல் அடமானக் கடன். 1934-இல் யாவும் கிரயம். உலகெங்கும் வியாபாரம் மந்தித்து நெல் விலை விழுந்த காலம் அது. வட்டி மட்டும் விழவில்லை. கிரயப் பத்திரத்தில் பூட்டனார் கையெழுத்துக்குக் கீழே அவருடைய தாயாரின் பெருவிரல் ரேகையும், அருகே எழுத்தர் கையால் எழுதிய அவர் பெயரும் உள்ளன. அப்பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் அறிந்ததில்லை. அமாவாசைத் தர்ப்பணத்தில் உறவு முறையை மட்டும் சொல்லியே நீர் விட்டு வந்தோம். எமது தந்தையார் அந்த நகலை ஒரு வாரம் வரையில் யாரிடமும் காட்டவில்லை.

தேடும் முறைக்கு வருவோம். அண்மைக்கால வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையத்தளத்தில் இங்கிருந்தபடியே காணலாம். மிகப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து, கட்டணம் கட்டி, ஏட்டைப் புரட்டித் தேடச் செய்தல் வேண்டும். நிலப் பத்திரங்கள் பதியும் முதலாம் புத்தகத்தை எவரும் பார்க்கலாம். உயிலின் நகலோ, எழுதியவர் காலமான பின்னரே பிறருக்குக் கிடைக்கும். வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். அதனோடு 590 கூட்டினால் அப்பசலி பிறக்கும் ஜூலை மாதத்து ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1341 என்பது 1931 ஜூலையில் பிறந்தது. '௸' என்ற குறியைக் கண்டு மலைக்க வேண்டாம். 'மேற்படி' என்பதே அதன் பொருள்.

முன்னோர் இனாம் நிலம் அனுபவித்தவராயின், 1858-இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகள் பெரும் புதையல் எனலாம். அனுபவிப்பவரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பது வரையில் அவற்றில் பத்தி பத்தியாக எழுதியிருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம்.

இவை யாவற்றிலும் கடினமானது ஊரிலுள்ள உறவினரைக் கேட்பதுதான். நாற்பது ஆண்டு எட்டிப் பாராதவன் திடீரென்று வந்து பத்திரத்தைக் காட்டு என்றால், பங்கு கேட்க வந்துவிட்டான் என்றே சித்தப்பா நினைப்பார். அதில் அவர்மேல் குற்றமில்லை. ஆகவே, நேரில் போகுமுன் ஒரு கடிதம் எழுதுங்கள். எமக்கு வேண்டுவது நிலமன்று, பெயர்களே என்று அதில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். மூலப் பத்திரத்தை வாங்கி வர வேண்டாம். அவர் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து, அவர் எதிரிலேயே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். படிக்கப் படிக்க அவருக்கே பழைய பெயர்கள் சில நினைவுக்கு வரும். அவற்றையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள்.