மார்பின்மேல் ஏறிய குதிரை

துர்ச்சொப்பனத்தை இங்கிலீஷ்காரர் 'நைட்மேர்' என்கிறார்கள். 'நைட்' என்றால் இரவு. 'மேர்' என்றால் பெண் குதிரை. இரவில் வரும் பெண் குதிரை என்றே நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் பொருள் பண்ணிக்கொண்டோம். கனவில் குதிரைக்கு என்ன வேலை என்று உபாத்தியாயரைக் கேட்டிருந்தால் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருப்போம்.

உண்மையில் அதில் குதிரையே இல்லை. தூங்குகிறவன் மார்பில் ஏறி மூச்சை அடைக்கும் ஒரு பேய்க்குப் பழைய இங்கிலீஷில் வழங்கிய பெயர் அது. பெண் குதிரைக்கு வேறு சொல் இருந்தது. நாளடைவில் இரண்டின் உச்சரிப்பும் ஒன்றாகிவிடவே, பேயை மறந்தவர்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டார்கள். 1755லேயே ஜான்ஸன் தமது அகராதியில் பேய் என்றுதான் எழுதினார். இருந்தும் 1781ல் பூஸெலி தீட்டிய புகழ்பெற்ற சித்திரத்தில், உறங்கும் பெண்ணின்மேல் பூதம் குந்தியிருக்க, திரையை விலக்கிக்கொண்டு ஒரு குதிரைத் தலையும் எட்டிப் பார்க்கிறது!

வடதேசத்தார் இப்பேயை 'மரா' என்றனர். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து ஆசிரியர் ஸ்நோரி எழுதிய கதையில் வான்லாந்தி என்று ஒரு ஸ்வீடன் அரசன் வருகிறான். மனைவியைப் பின்லாந்தில் விட்டுவந்தவன், மூன்று வருஷத்தில் வருவதாகச் சொல்லிப் பத்து வருஷமாகியும் திரும்பவில்லை. அவள் சூனியக்காரியை ஏவினாள். 'மரா மிதிக்கிறது' என்று அரசன் அலறினான். ஆட்கள் தலையைக் காத்தால் அது காலை மிதித்தது. காலுக்கு ஓடினால் தலையை அமுக்கியது. மாண்டே போனான். வாக்குத் தவறும் கணவன்மார் கவனிப்பார்களாக!

பிரெஞ்சில் 'கோஷ்மார்' என்பதன் முற்பாதி மிதித்தலைக் குறிக்கும். பிற்பாதி அதே பேய். லத்தீனில் 'இன்குபுஸ்' என்றால் மேலே படுப்பது. நம்மவர் சொல்லும் 'அமுக்குப் பேய்' என்பதும் அதுவே. இவர்களெல்லாம் கூடிப் பேசி வைத்த பெயர்களல்ல. கனவு காணும் உறக்கத்தில் தசைகள் இயங்காமல் கட்டுண்டு கிடக்கும். அந்தக் கட்டு அவிழுமுன் அறிவு விழித்துக்கொண்டால் கை அசையாது, குரல் எழாது, நெஞ்சில் பாரம் ஏறியதுபோல் இருக்கும். சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிஷங்களில் தானே விலகிவிடும்.

காலையில் இதைச் சொல்லும் பெண்ணை மந்திரவாதியிடம் இழுத்துச் செல்லும் குடும்பங்கள் உண்டு. 'பொய் சொல்லாதே' என்று வாயடைக்கும் படித்த குடும்பங்களும் உண்டு. இவர்கள்மேல்தான் நமக்கு அதிகக் கோபம். அவள் உணர்ந்த பாரம் பொய்யன்று. அடிக்கடி நேர்ந்தால் வைத்தியரிடம் காட்டலாம். மல்லாந்து படுப்போருக்கு இது அதிகம் வருகிறது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிப் பார்க்கலாம்.