அட்டைக் கோச்சிக்கு ஒரு புது இஞ்சின்



இந்த மாதம் விளையாட்டுக் கோச்சியைப் பற்றி எழுதப் போகிறேன். "வெள்ளத்தில் வீட்டுச் சாமானையெல்லாம் பறிகொடுத்தவளுக்கு இப்போது இதுதானா பேச்சு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். என் தங்கையும் அப்படித்தான் கேட்டாள். கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மகாவலி பெருகி கம்பளைக்குள் புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வீட்டில் பாதிச் சுவர் வரை தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பின் நான் தையல் மெசினிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தேன். மகன் மூலையில் குந்தியிருந்து ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தான். பதினைந்து வருடமாக அவன் காட்போட்டில் செய்து சேர்த்த கோச்சிகள் அதற்குள்தான் இருந்தன. எல்லாம் கூழாகிக் கிடந்தன.

"யாழ்தேவி போயிருச்சும்மா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அதே மழையில் மலையகப் பாதையும் பல இடங்களில் மண்சரிவால் துண்டிக்கப்பட்டது. விடியற்காலையில் எங்களை எழுப்பும் கோச்சிச் சத்தம் நின்றுபோனது. வெளியேயும் கோச்சி இல்லை, வீட்டுக்குள்ளும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மகன் எழுதி வைத்திருந்த ஒரு பட்டியலைப் பார்த்தேன். "புது இஞ்சின் 2. பெட்டி 6. முதலில் செய்ய வேண்டியது எது?" என்று எழுதி, கீழே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். அந்தத் தாளை மடித்து என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் கம்பளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு, எத்தனையோ மலையகக் குடும்பங்களைப் போல, அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார். எனக்கு அப்போது ஆறு வயது. கம்பளை ஸ்டேசனில் ஏறி, பொல்கஹவலையில் மாறி, கிளிநொச்சியில் இறங்கினோம். வழியெல்லாம் ஜன்னல் பலகையை இறக்கி வைத்திருந்தார்கள். வெளியே எட்டிப் பார்த்தால் அம்மா தலையில் குட்டுவாள். அந்த வன்முறையின்போது ரயில்களில் வைத்தும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள் என்பதும், 1983இலும் அப்படி நடந்தது என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆகவே ரயில் என்றதும் எல்லாருக்கும் இனிய நினைவுதான் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

1990 ஜூன் மாதம் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, அதன் பிறகு பல வருடங்கள் வவுனியாவோடு திரும்பியது. வன்னிக்குள் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. என் மகன் பிறந்தது 2000இல். அவன் பிறந்த ஊரில் ஸ்டேசன் என்பது ஒரு இடத்தின் பெயர்தான், கோச்சி இல்லை.

2009இல் நடந்ததை உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அவனுடைய அப்பா காணாமல் போனவர்களில் ஒருவர். முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு, 2010இல், அம்மாவின் தம்பி இருக்கும் கம்பளைக்கே திரும்பி வந்தோம். வவுனியா ஸ்டேசனில் மகன் முதன்முதலாகத் தண்டவாளத்தைப் பார்த்தான். கீழே கிடந்த கட்டைகளைக் காட்டி, "அம்மா, இது அப்பா பங்கருக்கு மேல போட்ட கட்டைதானே?" என்று கேட்டான். அந்தக் கட்டையின் மேல் கோச்சி ஓடும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. பிறகு கோச்சி வந்தது. கடுகண்ணாவை மலையேறும்போது சுரங்கத்துக்குள் இருட்டானதும் என் கையை இறுகப் பிடித்தான். வெளிச்சம் வந்ததும் சிரித்தான். முகாமுக்குப் போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்றிலிருந்து அவனுக்குக் கோச்சிப் பைத்தியம். சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பெட்டி, சோடா மூடி எல்லாம் கோச்சியாகின. எங்கள் வரிசையில் ரயில்வேயில் காட்டாக இருந்து ஓய்வு பெற்ற நானா ஒருவர் இருந்தார். அவர்தான் இவனுக்கு ஆசிரியர். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த இஞ்சின்கள் எவை, அவற்றுக்கு ஒன்டாரியோ, ஆல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர் ஏன் வந்தது, கண்டி வரை 1867இலும் நாவலப்பிட்டி வரை 1874இலும் பாதை போட்டது கோப்பி மூட்டைகளை இறக்கத்தான் என்பதையெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தார். கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் ரயில்வே அருங்காட்சியகம் திறந்த பிறகு ஒரு போயா நாளில் இவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய இஞ்சின்களைக் கிட்ட நின்று பார்க்க வைத்தார்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். 2016இல் அவனுக்குச் சாதாரண தரப் பரீட்சை. புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு காட்போட் வெட்டிக்கொண்டிருந்தான். அன்று எனக்குத் தைத்த கூலியும் கிடைக்கவில்லை, காணாமல் போனோர் பதிவுக்கு அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்த நாள் அது. கோபத்தில் அவன் செய்து முடித்திருந்த இஞ்சினைத் தூக்கி அடுப்பில் போட்டேன். அவன் அழவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவுமில்லை.

எங்கள் மாதர் சங்கத்துக்கு வரும் உளவளத் துணையாளர் அக்காவிடம் இதைச் சொன்னேன். "சண்டையில பார்த்தது எதையாவது அவன் உங்ககிட்ட சொல்லியிருக்கானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வாயால சொல்ல முடியாததைப் பிள்ளைகள் கையால சொல்லும். வரையும், வெட்டும், ஒட்டும். அதைப் பக்கத்துல இருந்து பாருங்க, கேள்வி கேட்காதீங்க" என்றார்.

அப்படியே செய்தேன். ஒரு இரவு, பெட்டிக்கு ஜன்னல் வெட்டிக்கொண்டே, "அப்பா அன்னைக்குத் தண்ணி எடுக்கத்தான் போனாரு, இல்லம்மா?" என்றான். ஏழு வருடத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. விடியும்வரை பேசினோம். அவன் பரீட்சையும் பாஸானான். இப்போது மோட்டார் சுற்றும் கடையில் வேலை.

இந்தப் பைத்தியம் அவனுக்கு மட்டும் உள்ளதல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜெர்மனியில் மார்க்லின் என்ற கம்பனி 1891இலேயே தண்டவாளத்தோடு விளையாட்டு ரயில் விற்றது. இங்கிலாந்தில் பிராங்க் ஹோர்ன்பி என்பவரின் கம்பனி 1920இல் விளையாட்டு ரயில் விற்கத் தொடங்கியது. அங்கெல்லாம் வயது வந்தவர்கள், தாத்தாமார்கூட, இதில் மூழ்கியிருக்கிறார்கள். எந்த இஞ்சினின், எந்தப் பெட்டியின் மாதிரியைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்திப் பட்டியல் போட்டுக் கம்பனிகளுக்குத் தெரிவிப்பதும் உண்டு. சிறு வயதில் தங்கள் ஊரில் நின்ற கோச்சியைத்தான் பெரும்பாலும் கேட்பார்களாம்.

"அப்ப நம்ம யாழ்தேவியையும் எழுதிக் கேளேன்டா" என்றேன். மகன் சிரித்தான். ஒரு மாதிரிக்கு உருக்கில் அச்சு வெட்ட வேண்டும். அந்தச் செலவை எடுக்க ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். நம்முடைய கோச்சிக்கு அத்தனை பேர் எங்கே? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கிலாந்து மாதிரிகளில் ஒரு அடி என்பது 4 மில்லிமீற்றர். நம் தண்டவாளத்தின் அகலம் இந்தியாவைப் போல ஐந்தரை அடி. கணக்குப்படி 22 மில்லிமீற்றர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் பாதையோ 16.5 மில்லிமீற்றர்தான். நம் பெட்டியை அதில் ஏற்றினால், தடித்த ஆள் சின்னப் பிள்ளையின் செருப்பைப் போட்டதுபோல் இருக்கும் என்று சொன்னான். ஆகவே நம் ஊர்க் கோச்சி வேண்டுமென்றால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

இப்போது கலண்டர் தாளுக்கு வருகிறேன். அதை நான் எங்கள் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். வெள்ளத்துக்குப் பிறகு யாரும் சரியாகப் பேசாமல் இருந்த கூட்டம் அது. "உங்களுக்கு ஒரு கோச்சிப் பெட்டி செய்து தருவதென்றால் எந்தப் பெட்டி வேண்டும்?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

நாவலப்பிட்டிப் பக்கத்து அக்கா தலைமன்னார்ப் பெட்டியைக் கேட்டார். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அவருடைய மூத்த சகோதரி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அந்தக் கோச்சி ஸ்டேசனில் நின்றபோது பிளாட்பாரமே அழுதது அவருக்கு ஞாபகம். "போற பெட்டி வேணாம். தலைமன்னார்ல இருந்து திரும்பி வர்ற பெட்டி செய்யச் சொல்லு. அதுல எங்கக்கா இருக்கணும்" என்றார்.

வன்னியிலிருந்து என்னோடு வந்த தங்கச்சி, கிளிநொச்சி ஸ்டேசனும் வேண்டும் என்றாள். 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மறுபடி கோச்சி போனபோது பார்க்கப் போக அவளிடம் காசு இருக்கவில்லை. இன்னொரு தங்கச்சி, "பெட்டி எதுவா இருந்தாலும் பரவாயில்ல, கக்கூஸ்ல தண்ணி வரணும்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் பிள்ளையோடு நீண்ட தூரம் போகும் பெண்ணுக்கு அதுவும் பெரிய ஆசைதான்.

ஒரு அம்மா மட்டும் "எனக்குக் கோச்சியே வேணாம்" என்றார். 1983இல் அவர் தம்பி கொழும்பிலிருந்து கோச்சியில் புறப்பட்டவர், வீடு வந்து சேரவில்லை. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "செய்யட்டும். பிள்ளைகள் பார்க்கட்டும். நான் தள்ளி இருந்து பார்க்கிறேன்."

அடுத்த கூட்டத்தில் ஒருத்தி பிஸ்கட் காட்போட் கொண்டுவந்தாள். ஒருத்தி பழைய குடைக் கம்பிகளைத் தந்தாள். நான் தைத்து மிஞ்சிய துணியில் ஜன்னல் திரை வெட்டினேன். சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட வரிசைப் பிள்ளைகள் எட்டுப் பேர் மகனோடு உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். மழை இருட்டினாலே அழுத ஒரு சின்னவள், கழுவிப் போகாத கோச்சி செய்ய வேண்டும் என்று பெட்டிக்கு மேல் மெழுகுவர்த்தி தேய்க்கிறாள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ள சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். இதற்குக் காசு தேவையில்லை. கனத்த காட்போட், பசை, அடிமட்டம், கத்தரிக்கோல் போதும். கூரான பிளேட்டை மட்டும் பெரியவர்கள் பிடியுங்கள். ஒரு அடிக்கு 4 மில்லிமீற்றர் என்று கணக்குச் சொல்லிக் கொடுங்கள், கணிதமும் வரும். அந்தக் கணக்கில் ஐந்தடி உயரப் பெண்ணின் பொம்மை 20 மில்லிமீற்றர். கோச்சிதான் வேண்டுமென்பதில்லை. வள்ளம், ட்ராக்டர், உங்கள் பழைய வீடு, எதையும் செய்யலாம். பிள்ளை செய்யும்போது பக்கத்தில் இருங்கள். "ஏன் இதைச் செய்தாய்?" என்று துருவ வேண்டாம். முக்கியமாக, கோபத்தில் அதை உடைத்துவிடாதீர்கள். இது அனுபவப்பட்டவள் சொல்வது. பிள்ளை பல மாதமாகத் தூங்காமலோ பேசாமலோ இருந்தால், அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கோ உளவளத் துணையாளரிடமோ கூட்டிச் செல்லத் தயங்காதீர்கள். விளையாட்டு ஒரு துணைதான், மருந்துக்குப் பதில் அல்ல.

கடைசியாக மகன் என்னிடமும் கேட்டான்: "உங்களுக்கு எந்தப் பெட்டிம்மா?"

1977இல் நாங்கள் ஏறிய மூன்றாம் வகுப்புப் பெட்டியைச் சொன்னேன். "ஆனா ஜன்னல் பலகை எல்லாம் தூக்கியே இருக்கணும். ஒண்ணுகூட இறக்கி வைக்காதே" என்றேன். அவன் தாளில் எழுதிக்கொண்டான். போன கிழமை அந்தப் பெட்டி முடிந்தது. ஜன்னலோரம் 20 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு பெண்ணும், சற்று உயரமாக ஒரு ஆணும், நடுவில் ஒரு சின்னப் பையனும் இருக்கிறார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. இஞ்சின் இன்னும் முடியவில்லை. கனடா இஞ்சின்தான் வேண்டும் என்று பிள்ளைகள் வாக்களித்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, உங்களுக்கு ஒரு பெட்டி செய்து தருவதென்றால் எதைக் கேட்பீர்கள்? எழுதுங்கள். மகனின் தாளில் இன்னும் இடம் இருக்கிறது. அடுத்த மாதம் சந்திப்போம்.